சைக்கிள் ஓட்டும் மங்கையரின் மறுபக்கம்

யாழ்ப்பாணத்து வீதியோரத்திலே காலை ஏழு மணியளவில் ஒரு கால் மணித்தியாலம் நின்று பாருங்கள். வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாய் அணியணியாகச் செல்லும் மாணவிகள். சேலைத் தலைப்பை இடுப்பிலே செருகிக்கொண்டு, முன் கூடையிலே சாப்பாட்டுப் பெட்டியும் கொப்பிக் கட்டுமாய் விரையும் ஆசிரியைகள். கைக்குழந்தைகள் உள்ள வீடுகளைத் தேடி ஒழுங்கைக்கு ஒழுங்கை திரும்பும் குடும்பநல உத்தியோகத்தர்கள். பின் கரியரிலே கீரைக் கட்டுகளை வைத்துக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகும் அம்மாமார். மோட்டார் ஸ்கூட்டர்கள் பெருகிவிட்ட இந்நாளிலும் துவிச்சக்கர வண்டியை எம் பெண்கள் கைவிட்டார்களில்லை. 1990ஆம் ஆண்டின் பின்னர், பொருளாதாரத் தடையினால் பெற்றோல் என்பது கண்ணாற் காண்பதற்கும் அரிதாகிவிட்ட காலத்திலே, குடாநாட்டை நகர்த்திச் சென்றது இந்த வண்டிதான் என்பதை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆகவே பெண் ஒருத்தி சைக்கிள் ஓட்டுவது எமது ஊரிலே அதிசயமன்று. ஆனால், அவள் எங்கேனும் போவதற்காக அன்றி, வேகமாக ஓட்டவேண்டும் என்பதற்காகவே ஓட்டினால்? அங்கேதான் கேள்வி பிறக்கின்றது.

அக்கேள்வி எம்மிடம் ஒரு தகப்பனாரின் வாயிலாக வந்தது. எமது வகுப்பிலே உயர்தரம் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஊர் விளையாட்டுக் கழகத்தார் நடத்திய சைக்கிள் ஓட்டப் போட்டியிலே முதலாவதாக வந்தாள். பரிசாகக் கிடைத்தது ஒரு சுவர்க்கடிகாரம். கழகத்தார் அவளை மேலும் பயிற்றுவிக்க விரும்பினார்கள். நாள்தோறும் விடியற்காலையில் இருபது கிலோமீற்றர் ஓடவேண்டும் என்றார்கள். இரண்டு கிழமை சென்றபின், வெங்காயத் தோட்டம் செய்யும் அவளுடைய தகப்பனார் எம்மைத் தேடி வந்தார்.

“மாஸ்ரர், நான் பிள்ளையைக் குறை சொல்லேல்லை. ஆனா ஒண்டு கேக்கிறன். சைக்கிள் ஓடிச் சோறு திண்ட பொம்பிளையள் உலகத்திலை ஆரும் இருக்கினமோ?”

எமக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. விடை தெரியாத ஆசிரியர்கள் வழக்கமாகச் செய்வதையே நாமும் செய்தோம். மாணவியை அழைத்து, “பரீட்சை முடியட்டும் பிள்ளை, பிறகு பார்ப்போம்” என்றோம். அவள் மறுத்துப் பேசவில்லை. “சரி, சேர்” என்று மட்டும் சொன்னாள். மறுநாளிலிருந்து விடியற்காலை ஓட்டம் நின்றது. ஆனால் அந்தச் “சரி, சேர்” எமது நெஞ்சிலே முள்ளாகத் தங்கிவிட்டது. நாம் கூறியது அறிவுரையா, அல்லது அறியாமையா? விடுமுறை நாட்களிலே இதைப்பற்றி ஆராயத் தொடங்கினோம். உலகப் புகழ்பெற்ற சைக்கிள் வீராங்கனைகள் எதனாற் சோறு உண்டார்கள்? பந்தயம் இல்லாத நாட்களிலே அவர்கள் என்ன செய்தார்கள்? நாம் கண்டவற்றை நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சைக்கிளாற் சோறு உண்டவர்

தகப்பனாரின் கேள்விக்கு நேரான விடையாக அமைந்தவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் கொவென்றி நகரிலே 1923ஆம் ஆண்டு பிறந்த ஐலீன் ஷெரிடன் என்பவரே அவர். உயரம் 4 அடி 11 அங்குலம். எமது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே நிறுத்தினால் கண்டுபிடிக்கவே முடியாது. 1946இல் ஒரு மகனைப் பெற்றெடுத்த பின்னரே அவருடைய பெரிய வெற்றிகளிற் பல வந்தன.

எமது பாட்டன்மார் பெருமையோடு வைத்திருந்த ஹேர்க்குலிஸ் சைக்கிளை நேயர்கள் அறிவீர்கள். அந்த நிறுவனமே 1951இல் ஷெரிடனை மூன்றாண்டு ஒப்பந்தத்திற் சேர்த்துக்கொண்டது. பெண்களுக்கான வீதிச் சாதனைகளை ஒவ்வொன்றாக முறியடிப்பதே அவருக்கு இடப்பட்ட வேலை. 1954ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலிருந்து ஸ்கொட்லாந்தின் வடமுனை வரை ஏறக்குறைய 870 மைல் தூரத்தை 2 நாள் 11 மணித்தியாலம் 7 நிமிடத்திற் கடந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு மூன்றரை முறை ஓடுவதற்குச் சமமான தூரம் அது. அதோடும் நின்றாரல்லர். ஆயிரம் மைலையும் நிறைவு செய்துவிடுவோம் என்று மேலும் ஓடி, 3 நாள் 1 மணித்தியாலத்தில் முடித்தார். அந்த ஆயிரம் மைற் சாதனை 2002ஆம் ஆண்டு வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம், நிலைத்து நின்றது.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சைக்கிள் அவருக்குச் சம்பளம் கொடுத்தது சில ஆண்டுகளுக்கு மாத்திரமே. முறியடிப்பதற்குச் சாதனைகள் எஞ்சாதபோது அந்த வேலையும் எஞ்சவில்லை. பின்னாளிலே ஷெரிடன் கண்ணாடிப் பாத்திரங்களிற் சித்திரம் செதுக்கும் நுண்கலையிலே மனத்தைச் செலுத்தினார். மூன்று இரவுகள் கைபிடியை இறுகப் பற்றியிருந்த அதே விரல்கள், கண்ணாடியிலே மெல்லிய கோடுகளை வரைந்தன. 2023இல், தமது 99ஆம் வயதிலே, அவர் காலமானார்.

ஆகவே, “சைக்கிள் ஓடிச் சோறு உண்டவர் உண்டா?” என்ற கேள்விக்கு, “உண்டு, ஆனால் மிக அரிது, அதுவும் சில காலமே” என்பதுதான் நேர்மையான விடை. அப்படியானால் ஏனையோர்?

ரூபாப் தோட்டத்து வீராங்கனை

ஏனையோரில் தலைசிறந்தவரின் கதை எமது தகப்பனாருக்காகவே எழுதப்பட்டது போன்றது. ஏனெனில் அவரும் ஒரு தோட்டத் தொழிலாளி.

பெரில் பேர்ட்டன் 1937ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரப் பகுதியிலே பிறந்தார். பதினொரு வயதுப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் பரீட்சை அந்நாளில் அங்கே இருந்தது. பெரில் அதிலே சித்தியடையவில்லை. எமது ஊரின் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையை அறிந்த பெற்றோர்க்கு அதன் தாக்கத்தை விளக்கவேண்டியதில்லை. அந்தக் காலத்திலேயே வாதக் காய்ச்சல் அச்சிறுமியைப் பிடித்துக்கொண்டது. பல மாதங்கள் வைத்தியசாலையிலும் ஓய்வில்லத்திலும் கழிந்தன. கடினமான வேலை எதுவும் செய்யலாகாது என்று வைத்தியர்கள் எச்சரித்தார்கள்.

இளம் வயதிலேயே வேலைக்குப் போனார். அங்கே சந்தித்த சார்லி பேர்ட்டன் என்பவரை 1955இல் மணந்தார். சைக்கிள் ஓட்டத்திலே அவரை ஈடுபடுத்தியவர் சார்லிதான். அடுத்த ஆண்டில் டெனிஸ் என்ற பெண் குழந்தை பிறந்தது. மோர்லி என்ற சிற்றூரிலுள்ள சைக்கிள் கழகத்திலே இருவரும் சேர்ந்திருந்தார்கள். அக்கழகத்திலே நிம் கார்லைன் என்ற நீள்தூரச் சைக்கிள் வீரர் ஒருவர் இருந்தார். ரூபாப் பயிரிடுவது அவருடைய தொழில். பெரில் அவருடைய தோட்டத்திலே கூலிக்கு வேலை செய்தார்.

ரூபாப் என்பது சிவந்த தடித்த தண்டுடைய ஒரு செடி. புளிப்பான அத்தண்டைச் சீனியோடு வேகவைத்து ஆங்கிலேயர் உண்பர். யோர்க்ஷயர்ப் பகுதியில் அதை வளர்க்கும் முறை விசித்திரமானது. வேரை இரண்டு ஆண்டுகள் வெளித் தோட்டத்திலே வளரவிட்டு, பனி விழுந்தபின், உறைந்த மண்ணோடு தோண்டி எடுத்து, வெளிச்சம் புகாத வெதுவெதுப்பான கொட்டகைகளுக்குள்ளே கொண்டுபோய் அடுக்குவார்கள். இருளிலே தண்டுகள் இளஞ்சிவப்பாய், மென்மையாய் நீளும். வெளிச்சம் பட்டால் அந்த மென்மை கெட்டுவிடும் என்பதால் மெழுகுதிரி ஒளியிலேயே அறுவடை நடக்கும். மண் ஒட்டிய பாரமான வேர்க்கட்டிகளைக் குளிர்காலத்திலே குனிந்து தோண்டித் தூக்குவது எளிதான வேலையன்று. வைத்தியர்கள் ‘வேண்டாம்’ என்று தடுத்த உடம்பு அதைத்தான் நாள் முழுதும் செய்தது. மாலையிலே வீட்டு வேலை. அதன்பின் சைக்கிள் பயிற்சி. சார்லி சைக்கிளைப் பழுதுபார்த்துக் கொடுத்து, மனைவியைப் பந்தயங்களுக்கு அழைத்துச் சென்றார்.

இந்த வாழ்விலிருந்து விளைந்தவற்றைப் பாருங்கள். ஓட்டக்களப் பந்தயத்திலே 1959, 1960, 1962, 1963, 1966 ஆகிய ஐந்து ஆண்டுகளில் உலக வெற்றியாளர். வீதிப் பந்தயத்திலே 1960இலும் 1967இலும் உலக வெற்றியாளர். 25, 50, 100 மைல் ஓட்டங்களின் சராசரி வேகத்தைக் கொண்டு பிரித்தானியாவின் ஆண்டுச் சிறந்த வீராங்கனையைத் தெரிவு செய்வர். அந்த விருதை 1959 முதல் 1983 வரை, ஓராண்டேனும் தவறவிடாமல், 25 முறை பெரில் தமதாக்கிக்கொண்டார். இருபத்திரண்டு வயதிலே பிடித்த இடத்தை நாற்பத்தாறு வயது வரை விடவில்லை என்பதாகும்.

ஓர் அதிமதுர இனிப்பு

1967ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 17ஆம் திகதி நடந்த நிகழ்ச்சியைச் சைக்கிள் உலகம் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கின்றது. யோர்க்ஷயரிலே 12 மணித்தியாலப் பந்தயம். வீரர்களை ஒருவர்பின் ஒருவராக இடைவெளி விட்டு அனுப்புவார்கள். 12 மணித்தியாலத்தில் யார் அதிக தூரம் ஓடுகிறார் என்பதே போட்டி. ஆண்கள் அனைவரும் புறப்பட்ட பின்னரே பெண்கள் புறப்பட்டனர். பெரில் ஒவ்வொருவராக முந்திக்கொண்டே போனார். கடைசியில் அவருக்கு முன்னால் எஞ்சியிருந்தவர் மைக் மக்னமாரா என்ற வீரர் ஒருவரே. அவரும் அன்று ஆண்களுக்கான புதிய சாதனையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

பெரில் அவரை நெருங்கினார். முந்திச் செல்வதற்கு முன்னர், ஏதேனும் செய்யவேண்டும்போல் அவருக்குத் தோன்றிற்று. சட்டைப் பையிலே கைவிட்டு, வழியிலே தின்பதற்கு வைத்திருந்த அதிமதுர இனிப்பு ஒன்றை எடுத்து நீட்டினார். மக்னமாரா அதை வாங்கி வாயிற் போட்டுக்கொண்டார். பெரில் முன்னே போய்விட்டார்.

அன்று மக்னமாரா 276.52 மைல் ஓடி ஆண்களின் சாதனையை ஏற்படுத்தினார். பெரில் ஓடியதோ 277.25 மைல். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டால் கொழும்பைக் கடந்து களுத்துறைப் பக்கம் போய்விடலாம். ஆண்களின் சாதனை அந்தத் தூரத்தைத் தாண்ட இரண்டு ஆண்டுகள் சென்றன. பெண்களின் சாதனையாக அது 2017 வரை ஐம்பது ஆண்டுகள் நிலைத்தது.

இவ்வளவு பெரிய வீராங்கனைக்கு உலகம் என்ன கொடுத்தது? பிரித்தானிய அரசு 1964இலும் 1968இலும் கௌரவப் பட்டங்கள் அளித்தது. ஆனால் ஒலிம்பிக் போட்டியிலே அவர் ஒருமுறையேனும் ஓடவில்லை. அவர் தெரிவு செய்யப்படாமையால் அன்று. பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டமே அங்கு இல்லாமையால். ஆண்களுக்கு 1896இலேயே தொடங்கிய ஒலிம்பிக் சைக்கிள் ஓட்டம், பெண்களுக்கு 1984இலேதான் திறந்துவிடப்பட்டது. அப்போது பெரிலுக்கு வயது 47. கதவு திறந்தபோது காத்திருந்தவர் மூப்படைந்துவிட்டார்.

இந்த இடத்திலே நாம் ஓர் எச்சரிக்கை செய்யவேண்டும். தோட்டத்திலே பாடுபட்டுக்கொண்டே உலகை வென்றார் என்று புகழ்ந்துவிட்டுப் போவது எளிது. ஆண் வீரர்கள் பலர் ஓட்டத்தையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்த அதே காலத்திலே, பெண்ணொருத்திக்கு உழைப்பு எடுத்ததுபோக எஞ்சிய நேரமே விளையாட்டுக்கு விடப்பட்டது. அதைப் பெருமையாக மாத்திரம் சொல்லி, அநீதியை மறைத்துவிடலாகாது.

தாயும் மகளும்

வீட்டிலும் இதற்கு விலை கொடுக்கவேண்டியிருந்தது. மகள் டெனிஸும் சைக்கிள் வீராங்கனையாக வளர்ந்தாள். 1972இலே தாயும் மகளும் ஒரே அணியில் உலகப் போட்டிக்குச் சென்றார்கள். 1976இல் தேசிய வீதிப் பந்தயத்திலே, இறுதி எல்லையில் மகள் தாயை முந்திவிட்டாள். எந்தத் தாய்க்கும் பூரிப்பு உண்டாகவேண்டிய வேளை அது. ஆனால் வெற்றி மேடையிலே பெரில் மகளுக்குக் கைகொடுக்க மறுத்துவிட்டார். தன் உழைப்பின்மேல் மகள் சவாரி செய்துவிட்டாள் என்பது அவருடைய எண்ணம். பிற்காலத்திலே தமது வாழ்க்கை வரலாற்று நூலில், அன்று தாம் தாமாக இருக்கவில்லை என்று மனம் வருந்தி எழுதினார்.

இதை நாம் இங்கே மறைக்க விரும்பவில்லை. வெல்லவேண்டும் என்ற வெறி இல்லாதவர் 25 ஆண்டுகள் முதலிடத்தில் இருக்கமுடியாது. அந்த வெறி சில வேளை அன்பையும் சுட்டுவிடுகிறது. ஆயினும் கதை அங்கே முடியவில்லை. 1982இலே தாயும் மகளும் இருவர் மிதிக்கும் ஒரே சைக்கிளில் ஏறி, 10 மைல் தூரத்தை 21 நிமிடம் 25 விநாடியில் ஓடி, தேசிய சாதனை படைத்தார்கள். முன்னும் பின்னுமாக இருந்து ஒரே சங்கிலியை மிதிப்பவர்கள் மனம் ஒட்டாமல் ஓடமுடியாது.

1996ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் திகதி, தமது 59ஆவது பிறந்தநாள் விருந்துக்கான அழைப்புகளைக் கொடுப்பதற்காகச் சைக்கிளிலே சென்றபோது, வழியில் இதயம் நின்று, பெரில் உயிர்நீத்தார். விருந்துக்கு ஒரு கிழமையே இருந்தது. மோர்லியிலே இன்று அவர் பெயரால் ஒரு பூங்கா உண்டு.

கணித ஆராய்ச்சியாளர் எடுத்த முடிவு

“இவையெல்லாம் பழங்கதை, இக்காலத்தில் வீராங்கனைகள் சம்பளத்திலே வாழ்கிறார்கள்” என்று மாணவர் சிலர் கூறக்கூடும். ஓரளவுக்கு அது உண்மைதான். ஆனால் பெண்களின் முதல்தர அணிகளுக்கு ஆகக்குறைந்த சம்பளம் இவ்வளவு என்று சர்வதேச சைக்கிள் சம்மேளனம் விதி செய்தது 2020ஆம் ஆண்டிலேதான். அத்தொகையும் ஆண்டொன்றுக்கு 15,000 யூரோவாகவே தொடங்கிற்று.

அதற்கு அடுத்த ஆண்டிலே டோக்கியோ ஒலிம்பிக் நடந்தது. 2021 யூலை 25ஆம் திகதி பெண்களுக்கான 137 கிலோமீற்றர் வீதிப் பந்தயம். தொடக்கக் கொடி விழுந்ததுமே நால்வர் ஐவர் கூட்டத்தை விட்டு முன்னேறிப் போயினர். அவர்களிலே ஒருவர் ஒஸ்திரியா நாட்டைச் சேர்ந்த அன்னா கீசன்ஹோபர். அவ்வாண்டிலே எந்தத் தொழில்முறை அணியிலும் அவர் இருக்கவில்லை. அவருடைய தொழில் கணிதம். வியன்னாவிலும் கேம்பிறிட்ஜிலும் பயின்று, ஸ்பெயினின் கற்றலோனியாவிலே கலாநிதிப் பட்டம் பெற்று, சுவிற்சர்லாந்தின் லோசான் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். முன்னர் ஒருமுறை தொழில்முறை அணியொன்றிலே சேர்ந்து, அவ்வாழ்வு ஒத்துவராமையால் விலகியவர்.

பெரிய அணிகளிலே பயிற்றுநர் ஒருவர், உணவு ஆலோசகர் ஒருவர், தந்திரம் வகுப்பவர் ஒருவர் என்று ஆட்கள் சூழ்ந்திருப்பார்கள். கீசன்ஹோபர் தமது பயிற்சி, உணவு, வெப்பத்துக்கு உடம்பைப் பழக்குதல் ஆகிய அனைத்தையும் தாமே திட்டமிட்டார். மலை ஏறி முடிந்தபோது உடன் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கினர். கடைசி 40 கிலோமீற்றரை அவர் தனியே ஓடினார். ஒலிம்பிக்கிலே வீரர்களுக்குக் காதுக் கருவி மூலம் செய்தி சொல்ல அனுமதியில்லை. ஆதலால் முன்னே ஒருவர் போய்க்கொண்டிருக்கிறார் என்பதே பின்னால் வந்த நட்சத்திரங்கள் சிலருக்குத் தெரியவில்லை. நெதர்லாந்தின் புகழ்பெற்ற வீராங்கனை ஆனமீக் வான் வ்ளூட்டன், தாமே முதலாவதாக வந்துவிட்டதாக எண்ணிக் கைகளை உயர்த்தினார். ஆனால் 75 விநாடிக்கு முன்னரே தங்கப் பதக்கம் உரியவரைச் சேர்ந்துவிட்டது.

எமது வகுப்பறைகளிலே “படிப்பா, விளையாட்டா?” என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். கீசன்ஹோபர் அந்தத் தலைப்பையே செல்லாததாக்கிவிட்டார். தானே சிந்தித்துத் தானே முடிவெடுக்கும் ஆராய்ச்சியாளரின் பழக்கமே வீதியிலும் அவருக்குத் துணை நின்றது என்று நாம் கருதுகிறோம்.

அவர் தனி ஒருவரும் அல்லர். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கிலே வெள்ளிப் பதக்கமும் 2010இலே உலகப் பட்டமும் வென்ற பிரித்தானிய வீராங்கனை எமா பூலி, மண்ணின் தன்மையை ஆராயும் பொறியியலிலே கலாநிதிப் பட்டம் பெற்றவர். பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற பந்தயத்தைப் பெண்களுக்கும் நடத்தவேண்டும் என்று 2013இல் குரல் எழுப்பியவர்களில் அவரும் ஒருவர். 2022 முதல் அப்பந்தயம் பெண்களுக்கும் பல நாட் பந்தயமாக நடைபெற்று வருகின்றது.

அமெரிக்காவின் கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ரோங் என்பவரோ பொய்சி நகரத்து வைத்தியசாலையொன்றிலே மக்கள் சுகாதாரப் பிரிவில் உத்தியோகம் பார்த்தவர். இடுப்பு மூட்டிலே தேய்வு நோய் கண்டதனால் முன்னர் ஈடுபட்டிருந்த விளையாட்டைக் கைவிட்டுச் சைக்கிளுக்கு வந்தவர். 2008, 2012, 2016 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் தனிநேர ஓட்டத்திலே தங்கம் வென்றார். மூன்றாவது தங்கம் மழை கொட்டிய நாளொன்றிலே, ஐந்து வயது மகன் பார்த்திருக்கக் கிடைத்தது. மறுநாள் தாய்க்கு 43 வயது நிறைந்தது.

சக்கரம் தந்த ஓய்வு

இதுவரை தொழில் செய்து சைக்கிள் ஓட்டியவர்களைப் பார்த்தோம். சைக்கிள் ஓட்டியதனாலே தொழில் சிறந்தவர்களும் உண்டு. அவர்களைத் தேட ஐரோப்பாவுக்குப் போகவேண்டியதில்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே காணலாம்.

1990களின் தொடக்கத்திலே அங்கு அறிவொளி இயக்கம் என்ற பெயரால் எழுத்தறிவு இயக்கம் நடைபெற்றது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத் என்ற பெண்மணி, எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பிக்கச் செய்தார். கல்லுடைக்கும் பெண்கள், வயலிலே கூலி வேலை செய்வோர், கிராமத் தாதியர், பாலர் நிலையப் பணியாளர் என்று ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் பழகினர். பெண்களுக்குரிய சைக்கிள்கள் கடைகளிலே தீர்ந்துபோனபோது, ஆண்களின் குறுக்குச் சட்டம் உள்ள வண்டிகளையே வாங்கி ஓட்டினர்.

அதனால் என்ன நேர்ந்தது? விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகத் தகப்பனையோ கணவனையோ மகனையோ காத்திராமல் தாமே போகத் தொடங்கினர். பேருந்துக்காக நின்ற நேரம் மிச்சமாயிற்று. தண்ணீர்க் குடங்களையும் வண்டியே சுமந்தது. மிச்சமான நேரத்திலே அவர்கள் சற்று ஓய்ந்திருந்தார்கள். பெண்ணுக்கு ஓய்வு என்பது தானாக வருவதன்று. யாராவது, எதுவாவது, அதை உண்டாக்கித் தரவேண்டும். புதுக்கோட்டையிலே இரண்டு சக்கரங்கள் அதைச் செய்தன.

வெங்காயத் தோட்டத்திலே

தை மாதத்து மாலை ஒன்றிலே, மாணவியின் தகப்பனாரைத் தேடி அவருடைய தோட்டத்துக்குப் போனோம். பரீட்சை முடிந்திருந்தது. அவர் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். மகள் வாய்க்காலை மாறிவிட்டுக்கொண்டு நின்றாள். வரம்பிலே குந்தியிருந்து, பெரில் பேர்ட்டனின் கதையை முதலிலிருந்து முடிவுவரை சொன்னோம். ஒலிம்பிக் கதவு பூட்டியிருந்ததையும், மேடையிலே கைகொடாமல் விட்டதையுங்கூட மறைக்காமற் சொன்னோம். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். உலகப் பட்டங்கள் அவரை அசைத்ததாகத் தெரியவில்லை.

“தோட்டத்து வேலையும் செய்துகொண்டே ஓடினவா?” என்று கேட்டார்.

“ஓம்” என்றோம்.

“இருட்டுக் கொட்டிலுக்குள்ளை மெழுகுதிரி வைச்சோ பிடுங்கிறவை? எங்கடை வெங்காயத்துக்கு அது சரிவராது.”

“அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை தெரியாமற் பிள்ளையை மறித்துவிட்டேன். அது என் பிழை” என்றோம். மகள் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தகப்பனார் சற்று நேரம் பேசவில்லை. அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டார். பிறகு, எம்மைப் பாராமல், வேலியிலே சாத்தியிருந்த மகளுடைய சைக்கிளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“சித்திரைக்கு முன்னம் வெங்காயம் கிண்டி முடிஞ்சிடும், மாஸ்ரர். உதுக்குப் பின் ரயர் தேஞ்சு போச்சு. ஒண்டு மாத்தவேணும்.”